சரக்கின் பயணத்தை ஆர்எஃப்ஐடி டேக் கொண்டு பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரேடியோ அலையால் வாசிக்கும் கருவியான ரீடர், சிப்பும் ஆன்டெனாவும் பதித்த ஒட்டுச்சீட்டான டேக் ஒன்றின் எண்ணைக் கேட்டுவிட்டது என்பதும், அந்த டேக் ஒட்டிய பெட்டி வாயிலைத் தாண்டி லாரியில் ஏறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஓர் அலை நிகழ்ச்சி. இரண்டாவது ஒரு வணிக உண்மை. ஆர்எஃப்ஐடி (ரேடியோ அலைவழி அடையாளம் காணும் முறை) திட்டங்களில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதால் வருபவை. டேக்கைத் தேர்ந்தெடுப்பது முதல் பிற நிறுவனங்களுடன் தகவலைப் பகிர்வது வரை எல்லாப் படிகளையும் இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது. கருவிகளை வாங்குவது எளிது. அவை சொல்வதை எப்போது நம்பலாம் என்று வரையறுப்பதுதான் கடினம் என்பதால், அந்த இடங்களில் எழுத்து சற்று நீளும்.

தொடங்கும் முன் அடிப்படை ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். விநியோகச் சங்கிலியில் பெரிதும் பயன்படும் டேக்கில் பேட்டரி கிடையாது. ரீடரின் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அதன் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு அதே அலையைக் கூட்டியும் குறைத்தும் எதிரொளித்துத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. எதிரொளித்த அலையின் வழியே செய்தி அனுப்பலாம் என்ற கருத்தை ஹாரி ஸ்டாக்மன் 1948ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார். டேக் தானாகப் பேசுவதில்லை, போதிய ஆற்றல் கிடைத்தால் மட்டுமே பதில் தருகிறது என்ற இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் விதிகளில் பாதி தாமாகவே விளங்கும்.

படி 1: எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று எழுதுங்கள்

2003ஆம் ஆண்டில் வால்மார்ட் நிறுவனம், தன் முதல் 100 பெரிய வழங்குநர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும் பாலெட்டுகளிலும் (பெட்டிகளை அடுக்கி ஏற்றும் மேடைப்பலகைகளிலும்) டேக் ஒட்டி அனுப்ப வேண்டும் என்று அறிவித்தது. வழங்குநர்களில் பலர், சரக்கு வெளியேறும் கடைசி நேரத்தில் டேக்கை ஒட்டி அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டனர். கட்டளை நிறைவேறியது, ஒட்டியவர்களுக்குத் தங்கள் சொந்தக் கிடங்கைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை. கேள்வி வாங்குபவருடையதாக இருந்தது, செலவு வழங்குபவருடையதாக இருந்தது.

ஆகவே முதலில் ஒரு தாளில் கேள்வியை எழுதுங்கள். "எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது?", "அலமாரியில் இந்த அளவில் எத்தனை உருப்படிகள் உள்ளன?", "திருப்பி அனுப்ப வேண்டிய காலிக் கூடைகள் எங்கே தேங்குகின்றன?" என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு அமைப்புகளைக் கேட்கின்றன. முதலாவதற்குப் பெட்டி அளவில் டேக்கும் ஏற்றும் வாயிலில் நிலையான ரீடரும் வேண்டும். இரண்டாவதற்கு ஒவ்வோர் உருப்படியிலும் டேக் வேண்டும். ஆனால் வாயில் எதுவும் தேவையில்லை, கையடக்க ரீடரே போதும். மூன்றாவதற்குப் பலமுறை பயன்படுத்தத்தக்க உறுதியான டேக்கைக் கூடையிலேயே நிரந்தரமாகப் பொருத்த வேண்டும்.

"எல்லாவற்றையும் எங்கும் பார்க்க வேண்டும்" என்பது கேள்வியாகாது. பேட்டரியற்ற டேக் வாசிக்கப்படும் இடங்களில் மட்டுமே தென்படும்; இரண்டு வாசிப்பிடங்களுக்கு இடையே சரக்கு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. சாலையில் செல்லும் வாகனத்தின் இருப்பிடம் தேவையென்றால் அதற்கு ஜிபிஎஸ் போன்ற வேறு கருவி வேண்டும்.

படி 2: அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள்

125 முதல் 134 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாழ்வரிசை சில சென்டிமீட்டர் தொலைவுக்கு வேலை செய்யும். கால்நடை அடையாளத்துக்கு ஏற்றது. 13.56 மெகாஹெர்ட்ஸ் உயர்வரிசை, அட்டைகளிலும் கைபேசியின் என்எஃப்சியிலும் உள்ளது. பெட்டிகளையும் பாலெட்டுகளையும் பல மீட்டர் தொலைவிலிருந்து ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் வாசிக்க வேண்டுமானால், 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப் வரிசைதான் வழி. இதில் ரீடரும் டேக்கும் பேசிக்கொள்வதற்கான நெறிமுறை, 2004இல் உருவான ஜென்2. ஐஎஸ்ஓ தரநிலையில் இது 18000-63 எனப்படுகிறது.

இந்த வரிசை முழுவதையும் எந்த நாட்டிலும் பயன்படுத்த முடியாது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையும், ஐரோப்பாவில் பெரிதும் 865.6 முதல் 867.6 வரையும் அனுமதி உண்டு. டேக் ஒன்றே எல்லா நாடுகளிலும் பயணிக்கலாம். ஆனால் ரீடர் அது நிறுவப்படும் நாட்டின் விதிக்கேற்ற பதிப்பாக இருக்க வேண்டும். ஓர் நாட்டின் கிடங்கில் மிச்சமான ரீடரை இன்னொரு நாட்டின் கிடங்குக்கு அனுப்பிவைப்பது சிக்கனம்போலத் தோன்றும். அது பெரும்பாலும் விதிமீறல்.

படி 3: எண்ணை வடிவமையுங்கள்

டேக்கில் பொருளின் பெயர், தயாரிப்புத் தேதி, சேரிடம் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்வது நல்லது. வாகனத்தின் பதிவெண்ணைப்போல டேக் ஒரு தனித்த எண்ணை மட்டும் சுமக்கட்டும். மற்ற விவரங்கள் தரவுத்தளத்தில் இருக்கட்டும். சேரிடம் மாறினால் தரவுத்தளத்தில் ஒரு வரியைத் திருத்திவிடலாம். வழியில் உள்ள ஆயிரம் டேக்குகளைத் திருத்த முடியாது.

வெளி நிறுவனங்களுடன் சரக்குப் பரிமாற்றம் இருந்தால் பார்கோடு எண்களுக்கான தரநிலைகளை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எண் முறையையே பின்பற்றுங்கள். விற்பனைப் பொருளுக்கு எஸ்ஜிடின்-96 என்ற 96 பிட் வடிவம் உண்டு. முதல் 8 பிட் இது எந்த வகை எண் என்று சொல்லும். அடுத்த 3 பிட் வடிகட்டி மதிப்பு (தனி உருப்படியா, பெட்டியா என்பதைக் குறிப்பது). அதற்கடுத்த 3 பிட் பகுப்பு மதிப்பு. பின்வரும் 44 பிட்டில் நிறுவன முன்னொட்டும் (ஜிஎஸ்1 ஒரு நிறுவனத்துக்கு ஒதுக்கும் எண்) பொருள் எண்ணும். கடைசி 38 பிட்டில் தொடர் எண். ஒரே வகைப் பொருளுக்கு 27,487 கோடிக்கும் மேற்பட்ட தொடர் எண்கள் கிடைக்கும் என்பதால் எண் தீர்ந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். பாலெட்டுக்கும் அனுப்பீட்டு அலகுக்கும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண்ணைப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒளிந்திருக்கும் பொறி ஒன்று உண்டு. நிறுவன முன்னொட்டின் நீளம் 6 முதல் 12 இலக்கம் வரை மாறும். அந்த நீளத்தைத்தான் பகுப்பு மதிப்பு குறிக்கிறது. பார்கோடில் அச்சிடும்போது முன்னொட்டு எங்கே முடிகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. டேக்கில் எழுதும்போது, 7 இலக்க முன்னொட்டை 8 இலக்கம் என்று ஒருவர் தவறாகக் கொடுத்துவிட்டால், அதே பொருளுக்கு முற்றிலும் வேறான பிட் வரிசை உருவாகும். முன்னொட்டைக் கொண்டு வடிகட்டும் ரீடர் அதைக் கண்டுகொள்ளாது. எண்ணை எழுதத் தொடங்கும் முன், ஜிஎஸ்1 சான்றிதழில் உள்ள முன்னொட்டின் சரியான நீளத்தை எழுதும் மென்பொருளின் அமைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு ஆலைகள் ஒரே பொருளுக்கு டேக் எழுதினால் தொடர் எண் மோதும். ஒவ்வோர் ஆலைக்கும் தனி எண் எல்லையை ஒதுக்குவது பழைய, நம்பகமான வழி. சிப்பிலேயே தயாரிப்பாளர் பதித்த தனித்த எண்ணிலிருந்து தொடர் எண்ணைப் பெறுவது இன்னொரு வழி.

படி 4: டேக்கைப் பொருளோடு பொருத்துங்கள்

யுஎச்எஃப் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்கிறது, உலோகம் எதிரொளிக்கிறது. சாதாரணக் காகித டேக்கை உலோகப் பரப்பின்மீது நேரடியாக ஒட்டினால் அதன் ஆன்டெனாவின் இசைவு குலைந்து, ரீடர் அருகே வந்தாலும் அது பதில் தராது. உலோகத்துக்கென நடுவில் இடைவெளிப் பொருள் வைத்துத் தயாரித்த டேக்குகள் உள்ளன. தடிமனும் விலையும் கூடுதல், ஆனால் வேறு வழி இல்லை.

திரவப் புட்டிகள் அடங்கிய அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் சாதாரண டேக்கே போதும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தால். புட்டியின் கழுத்துப் பகுதி குறுகலாக இருப்பதால் பெட்டியின் மேல்பகுதியில் காற்றிடைவெளி இருக்கும். அங்கே ஒட்டிய டேக் வாசிக்கப்படும், இரு விரல் அளவு கீழே ஒட்டியது வாசிக்கப்படாமல் போகலாம். மெல்லிய உருப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது டேக்குகள் மிக நெருங்கி ஒன்றையொன்று மறைக்கும் என்பதால், ஒட்டும் இடத்தைச் சிறிது மாற்றி மாற்றி வைப்பது உதவும்.

இடத்தை ஊகத்தால் முடிவு செய்யாதீர்கள். ரீடரையும் பெட்டியையும் அசையாமல் வைத்து, ரீடரின் ஆற்றலைப் படிப்படியாகக் குறைத்து, டேக் எந்த மட்டத்தில் பதில் தருவதை நிறுத்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் ஐந்தாறு இடங்களில் இதைச் செய்தால், மிகக் குறைந்த ஆற்றலிலும் பதில் தரும் இடம் எது என்று தெரியும். திறந்த வெளியில் ஆற்றலை 6 டெசிபெல் குறைத்தால் வாசிப்புத் தொலைவு பாதியாகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்தால், இரண்டு இடங்களுக்கு இடையிலான வேறுபாடு நடைமுறையில் எத்தனை மீட்டர் என்பதும் புரியும். பொருளை நிரப்பியே சோதியுங்கள். காலிப் பெட்டியில் எல்லா டேக்கும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

படி 5: எழுதுங்கள், சரிபாருங்கள், பூட்டுங்கள்

டேக் பதித்த லேபிளில் அச்சிட்டு எண்ணையும் எழுதும் பிரிண்டர்கள் உள்ளன. எழுதிய உடனே திரும்ப வாசித்து ஒப்பிடும் வசதியை எப்போதும் இயக்கத்தில் வையுங்கள். பழுதான டேக்கின்மேல் பிரிண்டர் குறுக்குக் கோடிட்டு அடுத்த லேபிளுக்குச் செல்லும். அதே லேபிளில் பார்கோடும் மனிதர் படிக்கத்தக்க எண்ணும் இருக்க வேண்டும். டேக் செத்துப்போன பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளிக்கு அந்தப் பார்கோடுதான் கைகொடுக்கும்.

டேக்கின் நினைவகத்தில் அணுகுவதற்கும் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்வதற்கும் தலா 32 பிட் கடவுச்சொற்கள் உண்டு. ஆலையிலிருந்து வரும்போது அவை பெரும்பாலும் பூச்சியமாகவே இருக்கும். எண் பகுதியைப் பூட்டாமல் விட்டால், யாரும் கையடக்க ரீடர் கொண்டு அதை மாற்றி எழுதலாம். நுகர்வோர் கையில் சென்றடையும் பொருளானால், விற்பனைக்குப் பின் டேக்கைச் செயலிழக்கச் செய்வதா, கிழித்தெடுக்கும் வகையில் ஒட்டுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 6: வாசிப்பு வாயிலை அமையுங்கள்

ஏற்றும் வாயிலின் இரு புறமும் இரண்டிரண்டு ஆன்டெனாக்கள் வைப்பது வழக்கமான அமைப்பு. பெட்டிகள் எந்தத் திசையில் திரும்பியிருக்கும் என்று தெரியாத இடத்தில் வட்ட முனைவாக்க ஆன்டெனாவை (அலையின் அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே இருப்பது) தேர்ந்தெடுங்கள். அது ஆற்றலில் சுமார் பாதியை இழந்தாலும், டேக் கிடைமட்டமாக இருந்தாலும் செங்குத்தாக இருந்தாலும் வாசிக்கும். கன்வேயரில் எல்லா டேக்கும் ஒரே திசையில் வரும் என்ற உறுதி இருந்தால் மட்டும் நேர்கோட்டு முனைவாக்கம் சிறந்தது.

நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், 3 மீட்டர் அகலமுள்ள வாசிப்புப் பரப்பைக் கடந்தால், கிடைப்பது 1.5 விநாடி. ரீடர் பொதுவாக ஆன்டெனாக்களை ஒன்றன்பின் ஒன்றாகவே இயக்குவதால், நான்கு ஆன்டெனாக்களில் ஒவ்வொன்றுக்கும் அரை விநாடிகூடக் கிடைப்பதில்லை. அதற்குள் பாலெட்டின் நடுவில் புதைந்துள்ள பலவீனமான டேக்கும் பேசியாக வேண்டும்.

இதற்காகத்தான் ஜென்2 நெறிமுறையில் அமர்வுகள் உள்ளன; தான் பதில் தந்ததை டேக் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பதை இவை தீர்மானிக்கின்றன. அமர்வு 0இல், ஆற்றல் போனதும் டேக் தான் பதில் தந்ததை மறந்துவிடும். ஆகவே அடுத்தமுறை ஆற்றல் கிடைத்ததும் மறுபடி பேசும். ஒரு டேக் அசைவதைத் தொடர்ந்து கவனிக்க இது ஏற்றது. அமர்வு 2இல், ஒருமுறை பதில் தந்த டேக், ஆற்றல் கிடைத்துக்கொண்டிருக்கும்வரையிலும், அது நின்ற பின் குறைந்தது 2 விநாடியும் அமைதியாக இருக்கும். உரக்கப் பேசுபவர்கள் ஒருமுறை பேசி அமர்ந்துவிட்டால் மெல்லிய குரல்கள் கேட்கத் தொடங்கும் என்பதுபோல, அடர்ந்த பாலெட்டுக்கு இதுவே பொருத்தம். ஆனால் பல சிப்புகளில் இந்த நினைவு 2 விநாடியைத் தாண்டியும் நீடிக்கும். முதல் வாயிலில் பேசி அமைதியான டேக், சற்று நேரத்தில் அடுத்த வாயிலை அடையும்போதும் அமைதியாகவே இருந்து, வரவே இல்லை என்ற பொய்த் தோற்றத்தைத் தரலாம். அடுத்தடுத்த வாயில்களுக்கு வெவ்வேறு அமர்வுகளை ஒதுக்கினால் இது தீரும்.

வாசிப்பு குறைவாக இருந்தால் ஆற்றலைக் கூட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் மருந்து. அதனால் பக்கத்து வாயிலில் காத்திருக்கும் சரக்கும் பின்னால் அடுக்கிவைத்த இருப்பும் சேர்ந்து வாசிக்கப்படும். என் அனுபவத்தில், வாசிக்காமல் விட்டதைவிட வேண்டாததை வாசித்ததே அதிகத் தொல்லை தந்திருக்கிறது. ஆன்டெனாவின் கோணத்தைத் திருப்புங்கள், வாயில்களுக்கு நடுவே உலோகத் தடுப்பு வையுங்கள், ஒளி உணரியால் ஃபோர்க்லிஃப்ட் வரும்போது மட்டும் ரீடரை இயக்குங்கள். ஆற்றலைக் கடைசியாகத் தொடுங்கள்.

படி 7: வாசிப்பை நிகழ்வாக மாற்றுங்கள்

ஒரே பெட்டி வாயிலைக் கடக்கும்போது நாற்பது வாசிப்புகள் வரலாம். தணிக்கையாளருக்கு வேண்டியது "இந்தப் பெட்டி இந்த நேரத்தில் வெளியேறியது" என்ற ஒரே வாக்கியம். நாற்பதை ஒன்றாக்கும் விதிகள், ரீடருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே இயங்கும் இடைநிலை மென்பொருளில் எழுதப்படுகின்றன, திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பெரிதும் அங்கேயே தீர்மானிக்கப்படுகின்றன.

முதலில், உங்கள் சரக்குக்குத் தொடர்பில்லாத எண்களை வடிகட்டுங்கள். தொழிலாளியின் சட்டையில் கடை டேக் இன்னும் இருக்கலாம். அடுத்து, ஒரே ஆன்டெனாவில் ஓரிரு முறை மட்டும் மங்கலாகக் கேட்டதையும், பல ஆன்டெனாக்களில் வலுவாகத் தொடர்ந்து கேட்டதையும் பிரியுங்கள். கடந்து செல்லும் டேக்கின் சைகை வலு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். தூரத்தில் நிற்கும் டேக்கின் வலு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அலைபாயும். இந்த வடிவ வேறுபாடு, தனியொரு வலு எல்லையை நிர்ணயிப்பதைவிட நம்பகமானது. திசையையும் அறிய வேண்டும்: உள்பக்க ஆன்டெனாவில் உச்சம் முதலில் வந்து வெளிப்பக்கத்தில் பின்னர் வந்தால் சரக்கு வெளியேறுகிறது, முறை மாறினால் உள்ளே வருகிறது, இரண்டாவது உச்சமே வராவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் வாயில்வரை வந்து திரும்பிவிட்டது.

விழுக்காட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு டேக்கும் 99 விழுக்காடு வாசிக்கப்படுகிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். 100 பெட்டிகள் உள்ள பாலெட்டில் நூறும் ஒருசேர வாசிக்கப்படும் வாய்ப்பு அப்போது ஏறக்குறைய 37 விழுக்காடு மட்டுமே. 99.9 ஆனாலும் 90 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஆகவே வாயிலில் நூறையும் எதிர்பார்க்கக் கூடாது. பெட்டிகளை அடுக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கன்வேயரில் வாசித்து, "இந்த நூறும் இந்தப் பாலெட்டில் உள்ளன" என்று பதிவுசெய்துவிடுங்கள். பிறகு வாயிலில் பாலெட்டின் எண்ணும் பெட்டிகளில் பெரும்பகுதியும் கிடைத்தால், மீதி உடன் சென்றதாக ஊகிக்கலாம். ஆனால் நேரில் வாசித்ததையும் ஊகித்ததையும் தரவில் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். வழியில் யாரோ பாலெட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் படலத்தைப் பிரித்து ஒரு பெட்டியை எடுத்திருந்தால், ஊகம் அதைக் காட்டாது. எந்த இடம்வரை அது நேரில் வாசிக்கப்பட்டது என்ற குறிப்புதான் காட்டும்.

எல்லா ரீடர்களின் கடிகாரங்களும் ஒரே நேர சர்வரைப் பின்பற்ற வேண்டும். ஒரு ரீடர் மூன்று நிமிடம் பின்தங்கினால், சரக்கு புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததாகப் பதிவாகும்.

படி 8: நிகழ்வைப் பகிருங்கள்

பல நிறுவனங்கள் நிகழ்வுகளை ஒரே மொழியில் பரிமாறிக்கொள்ள இபிசிஐஎஸ் என்ற தரநிலை 2007இல் வந்தது. 2022இல் வந்த 2.0 பதிப்பு ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தையும் ஏற்கிறது. என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு நிகழ்வும் விடை தர வேண்டும். "எங்கே" என்பதில் இரண்டு புலங்கள் உள்ளன: வாசிக்கப்பட்ட இடம் ஒன்று, வாசிப்புக்குப் பிறகு சரக்கு இருக்கும் இடம் மற்றொன்று. ஏற்றும் வாயிலில் வாசித்த பெட்டி அந்த வாயிலிலேயே தங்குவதில்லை என்பதால், வெளியேறும் நிகழ்வில் இரண்டாவதைக் காலியாக விடுவதே முறை. பலர் இரண்டிலும் ஒரே மதிப்பை நிரப்பிவிடுகின்றனர். விளைவு, கிடங்கை விட்டுப் போன சரக்கு இருப்பில் இன்னும் தென்படும்.

தவறான நிகழ்வை அழிக்காதீர்கள். அது தவறு என்று அறிவிக்கும் நிகழ்வை அனுப்பும் வசதி 2016இன் 1.2 பதிப்பிலிருந்தே உள்ளது. ஏற்கெனவே அந்தத் தகவலைப் பெற்ற மறுமுனையில் இருப்பவருக்குத் திருத்தம் தெரிய வேண்டும் அல்லவா?

படி 9: சிறிதாக ஓட்டிப் பார்த்து விரியுங்கள்

ஒரு வாயில், ஒரு பொருள் வரிசை என்று தொடங்குங்கள். சில வாரங்கள் கையால் எண்ணிய கணக்கும் ரீடரின் கணக்கும் இணையாக ஓடட்டும்; வேறுபாடு வரும் ஒவ்வொரு பாலெட்டையும் அன்றே போய்ப் பாருங்கள். ஈரமான அட்டை, தலைகீழாக அடுக்கிய வரிசை, டேக்கின்மேல் படிந்த உலோகப் பட்டை என்று காரணம் கண்ணுக்கு நேராகவே தெரியும். ஒரு வாரம் கழித்து அறிக்கையில் தேடினால் கிடைக்காது.

இரண்டாவது வாயிலைத் திறக்கும் முன் முதல் வாயிலின் சட்டத்தில், சரக்கு படாத ஓர் இடத்தில், ஒரு சோதனை டேக்கை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது வாசிக்கப்படுகிறதா என்று மென்பொருள் பார்க்கட்டும். வாசிக்கப்படாவிட்டால் பொறுப்பாளரின் கைபேசிக்கு எச்சரிக்கை போகட்டும். ஆன்டெனாவின் கேபிளை ஃபோர்க்லிஃப்ட் இடித்து அறுத்துவிட்டால் ரீடர் பிழைச்செய்தி எதுவும் தராமல் அமைதியாகிவிடலாம். திரையில் அது, அன்று சரக்கு எதுவும் புறப்படாத ஓய்ந்த பிற்பகலைப்போலவே தெரியும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒற்றை டேக்தான்.